மேக்கணக்குக்கு ஆரஞ்சு

1

ஜெர்மனியில் நான் பார்க்கும் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுவரை சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. நகரசபையில் வேலை என்றால், வரி அறவிடுகிறாயா என்று கேட்கிறார்கள். கம்பியூட்டர் வேலை என்றால் பெரிய இஞ்சினியர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் விஷயம் சிறியது. எங்கள் நகரசபையின் இணையத்தளத்தில் நாற்பது பேரளவில் எழுதுகிறார்கள். நூலகத்தில் இருப்பவர், நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்பவர், பாலர் பாடசாலைகளுக்குப் பொறுப்பானவர் என்று பல பேர். அவர்கள் எழுதும் பெட்டியை ஒழுங்காக வைத்திருப்பது என் பொறுப்பு.

அந்தப் பெட்டியின் தலைப்பில் ஒரு வரிசையில் பொத்தான்கள் இருக்கும். எழுத்தைத் தடிப்பாக்க ஒன்று, சாய்க்க ஒன்று, நிறம் மாற்ற ஒன்று. நிறப் பொத்தானை அழுத்தினால் சின்னச் சின்னக் கட்டங்களாக நிறங்கள் விரியும். அதை நாங்கள் நிறத்தட்டு என்கிறோம். அந்தத் தட்டில் எந்த நிறங்கள் இருக்கலாம், எவை இருக்கக் கூடாது என்பதைத் தீர்மானித்துப் பூட்டி வைப்பதும் நான்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு எழுத்தில் ஒரு குறியீடு உண்டு. நகரசபையின் சாம்பல் நிறத்துக்கு எந்தக் குறியீடு என்று முடிவு செய்ய நாங்கள் ஏழு பேர் இரண்டு மணி நேரம் கூட்டம் போட்டிருக்கிறோம். அதற்கு ஒரு அறிக்கை எழுதி, மூன்று பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

இதை எல்லாம் கேலியாகச் சொல்லவில்லை. வெளிறிய எழுத்தைக் கண்பார்வை குறைந்தவர்களால் வாசிக்க முடியாது. அதனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை அளக்க ஒரு கருவியும் இருக்கிறது. பொருந்தாவிட்டால் கருவியில் சிவப்புப் புள்ளி வரும். அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். வேலையில் நான் நல்ல பெயர் வாங்கியிருப்பது அதனால்தான். இந்த வருஷம் நான் செய்த ஒரு பிழையும் அதனால்தான் நடந்தது.

2

நிறங்களோடு எனக்கு இந்த நாட்டில் முதலில் கிடைத்த அனுபவம் அவமானம். வந்த புதிதில் மொழி வகுப்பில், இன்று எல்லாரும் என்ன நிறம் என்று ஆசிரியை கேட்டார். நான் நீலச் சட்டை போட்டிருந்தேன். எழுந்து நின்று, 'நான் இன்றைக்கு நீலம்' என்று ஜெர்மன் மொழியில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. இங்கே நீலமாக இருக்கிறேன் என்றால் குடித்திருக்கிறேன் என்று அர்த்தமாம். காலை ஒன்பது மணி வகுப்பு அது.

வீட்டில் வேறு விதமான மொழிச் சிக்கல். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் மலையகம், தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நான் 'போறோம்ங்க' என்றால் அவருடைய சொந்தக்காரர்கள் இந்தியாக்காரியோ என்று கேட்பார்கள். கொஞ்ச காலத்தில் அவர்கள் பேசுவது போலவே பேசப் பழகினேன். மகள் மீராவை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். அங்கே படித்த தமிழை வைத்து அவள் என் தமிழைத் திருத்தினாள். பத்து வயதில், போதும் என்று நின்றுவிட்டாள். இப்போது பதினாறு. நான் தமிழில் கேட்பது அவளுக்கு விளங்கும், பதில் ஜெர்மன் மொழியில் வரும். எழுத்துகளை மறந்துவிட்டாள். அதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டு முடித்துவிட்டோம்.

ஊரோடு எனக்கு இருந்த ஒரே உயிருள்ள தொடர்பு திலகா. திலகவதி. முதலாம் ஆண்டிலிருந்து சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியை ஆனாள். அங்கே ஆண்டு விழா வந்தபோது, நான் என்ன தரலாம் என்று கேட்டேன். மேசை, நாற்காலி என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள், 'ஒரு வெப்சைட் செஞ்சு குடு, நானே எழுதிக்கிறேன்' என்றாள்.

செய்து கொடுத்தேன். எழுதும் பெட்டியை எப்படிப் பாவிப்பது என்று வீடியோவில் ஒரு மணி நேரம் காட்டினேன். அவள் அரை மணி நேரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

3

திலகா எழுதினாள். எழுதித் தள்ளினாள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் நிறங்கள்! ஒரு அறிவித்தல் ஆரஞ்சுப் பட்டையில், அடுத்தது கிளிப்பச்சையில், அதற்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில். மஞ்சளில் வெள்ளை எழுத்து. பக்கத்தைத் திறந்தால் கண் கூசியது. நாளைக்கு மேக்கணக்குப் பிள்ளைகளுக்கு லீவு, கீழ்க்கணக்குப் பிள்ளைகளுக்கு லீவு இல்லை, இப்படியான சின்ன விஷயங்களுக்கு எதற்கு இவ்வளவு கோலாகலம் என்று நினைத்தேன். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்போம். மேக்கணக்கு மலையில், கீழ்க்கணக்கு ஆற்றோரம், ரப்பர்க் கணக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம். மழைக் காலத்தில் ஒவ்வொரு பாதை ஒவ்வொரு நாளைக்கு மூடும். அதனால் இந்த லீவு அறிவித்தல்கள் அடிக்கடி வரும்.

அலுவலகத்தில் ஒருநாள் புதிய பிள்ளை ஒருத்திக்கு மாதிரி காட்டுவதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கருவியைப் பிடித்துப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி. அந்தப் பிள்ளை மரியாதைக்குத் தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்து பள்ளிக்கூடத் தளத்தின் நிறத்தட்டைத் திருத்தினேன். முப்பதுக்கு மேல் இருந்த நிறங்களை ஐந்தாக்கினேன். கறுப்பு, வெள்ளை, சாம்பல், கரும் நீலம், பள்ளிக்கூடத்தின் குருதிச் சிவப்பு. பட்டியலில் இல்லாத நிறம் பழைய பதிவுகளில் இருந்தால் அதையும் கழுவிவிடும் ஒரு தெரிவு உண்டு. அதிலும் சரி போட்டேன். பக்கம் முழுக்க கரும் நீலமாக மாறியது. கருவியில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இரண்டு நாளில் திலகாவிடமிருந்து செய்தி வந்தது. பழைய கலர் ஒன்றையும் காணோமே என்று கேட்டிருந்தாள். நான் ஒரு முழுப் பக்கம் பதில் எழுதினேன். கண்பார்வை குறைந்தவர்கள், வேறுபாட்டுக் கணக்கு, ஒரே முகம் காட்டும் தளம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் எழுதிய பதில் ஒரே வரி. 'சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.'

அவள் விளையாட்டுக்கு மரியாதை போட்டிருக்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கும் படம் ஒன்று அனுப்பினேன்.

4

அதன் பிறகு பதிவுகள் குறைந்தன. முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. தவணைப் பரீட்சையாக இருக்கும் என்று நான் கவலைப்படவில்லை. இங்கேயும் வேலை அதிகம்.

ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத் தளத்தின் தொடர்புப் படிவம் வழியாக ஒரு செய்தி வந்திருந்தது. யாரோ விளம்பரக்காரர் என்று அழிக்கப் போனேன். தமிழில் இருந்ததால் நிறுத்தி வாசித்தேன்.

'மகள், நான் சந்தியில கடை வச்சிருக்கிற பளீல். ஸ்கூல் பேஜ்ல கலரெல்லாம் எங்க போன? பொம்பளைகள் வந்து டெப்ப பாத்துட்டு ஒண்டும் வெளங்காம போறாங்க. டீச்சர்ட்ட கேட்டா ஒண்டும் செல்றாங்க இல்ல. அந்த மேக்கணக்குப் புள்ளைக்கு அப்படி ஆனதுக்குப் பொறகாவது ஒரு வழி செய்ங்க.'

பளீல் அண்ணனை நாங்கள் பளீல் நானா என்போம், அவர் கடையை எனக்குத் தெரியும். தோட்டத்து ரோடு மெயின் ரோட்டில் ஏறும் சந்தியில், பாண் வாங்கவும் போனுக்குக் காசு போடவும் எல்லாரும் வந்து போகும் கடை. மேக்கணக்குப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. செய்தியை மூன்று தரம் வாசித்தேன். பிறகு திலகாவுக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே பகல் சாப்பாட்டு நேரம்.

5

அவள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் பளீல் நானா எழுதியதை வாசித்துக் காட்டினேன். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

அந்த நிறங்களை அவள் மனம் போன போக்கில் போடவில்லை. மேக்கணக்குக்கு ஆரஞ்சு, கீழ்க்கணக்குக்குப் பச்சை, ரப்பர்க் கணக்குக்குக் கத்தரிப்பூ. எந்தக் கணக்குப் பிள்ளைகளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ அந்தக் கணக்கின் நிறம் பக்கத்தின் தலைப்பில் பட்டையாக வரும். பளீல் நானா 'டெப்' என்று சொல்லும் பழைய கைக்கணினி ஒன்றைக் கடை வாசலை நோக்கித் திருப்பி வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பார். வேலை விட்டுப் போகும் தாய்மார் ரோட்டில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார்கள். வாட்சப் குழு ஒன்றும் இருந்ததாம். காலை வணக்கப் படங்களுக்குள் அறிவித்தல் புதைந்துபோகும், பல வீடுகளில் போன் கணவரோடு வேலைக்குப் போய்விடும். அதனால் இது நல்லதென்று ஆனது.

அங்கே இருக்கும் தாய்மாரில் சிலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படிக்காதவர்கள் இல்லை. நம்முடைய மாவட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்ததால் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ், எழுத்தெல்லாம் சிங்களம். அப்படி ஒருத்தி, மேக்கணக்குச் சுமதி.

நான் நிறங்களைக் கழுவிய பிறகு ஒரு வாரம் விடாத மழை. மேக்கணக்குப் பாதையில் மண் இறங்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் வர வேண்டாம் என்று திலகா தளத்தில் எழுதினாள், கரும் நீலத்தில். அன்று மாலை பாண் வாங்க வந்த சுமதி டெப்பைப் பார்த்தாள். ஆரஞ்சு இல்லை. அப்படியென்றால் பள்ளிக்கூடம் உண்டு. மறுநாள் காலையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் ஹர்ஷினியைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் மேலே இருந்த மண் சரிந்து இருவரையும் தள்ளிக்கொண்டு போனது. தேயிலைச் செடியைப் பிடித்துச் சுமதி நின்றாள். மகளை இடுப்பளவு சேற்றிலிருந்து இழுத்து எடுத்தாள். பிள்ளைக்கு இடது கை எலும்பு வெடித்திருந்தது.

"ஏன் திலகா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"கேட்டேனேங்க. நீங்க ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினீங்க. ரெண்டு தரம் வாசிச்சேன். நமக்கு வெளங்காத விஷயம்னு விட்டுட்டேன்."

"என்னைய எதுக்கு நீங்க நீங்கன்ற?"

"அது ஒங்க சைட்டுங்க. நாங்க அதுல எழுதுறவங்கதானே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். சுமதி பள்ளிக்கூடத்துக்கு வந்து அழுதபோது, அறிவித்தலைத் தெளிவாகப் போடாதது தன் பிழை என்று தலைமை ஆசிரியரான அதிபர் முன்னால் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருந்து செய்து கொடுத்த ஒன்றை யாரும் குறை சொல்லக்கூடாது என்று நினைத்தாளாம்.

6

அன்றைக்கு வெளியே போகவில்லை. மீரா எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லாமல், 'நீ ஏன் அவர்களிடம் முதலில் கேட்கவில்லை?' என்றாள். ஆறு ஜெர்மன்காரர்களிடம் ஒரு சாம்பல் நிறத்துக்காகக் கருத்துக் கேட்ட நான் திலகாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளுக்கு என்ன தெரியப் போகிறது என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன். வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷத்தை நினைத்துக்கொண்டேன். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. குப்பையை மஞ்சள் மூடி, நீல மூடி, மண்ணிற மூடி பார்த்துப் போட்டேன். சிவப்புக் கோடு போட்ட டிராமில் ஏறினால் வீடு, பச்சைக் கோடு என்றால் மொழி வகுப்பு. ஒருநாள் சிவப்பு டிராம் பழுதாகி அதற்குப் பதிலாக வெறும் வெள்ளை பஸ் வந்தது. அதில் பெரிய எழுத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. நான் ஏறாமல் குளிரில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். வாசிக்கத் தெரியாதவள் என்று காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

ஞாயிறு காலை பழைய நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆரஞ்சைக் கொஞ்சம் கருக்கினேன், பச்சையையும் கருக்கினேன், வெள்ளை எழுத்து தெளிவாகத் தெரியும்படி. எழுதும் பெட்டியில் நிறத்தின் மேல் விரலை வைத்தால் அதன் பெயர் தெரியும். வழக்கமாக அதில் ஒரு குறியீடு இருக்கும். நான் மேக்கணக்கு, கீழ்க்கணக்கு, ரப்பர்க் கணக்கு என்று தமிழில் பெயர் வைத்தேன். மீராவைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு ஆள் எனக்குத் தேவைப்பட்டது, வீட்டிலேயே இருந்தாள்.

அவள் கவனமாகப் பார்த்தாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மூன்று விதமான ஆட்களுக்கு மூன்று செய்தி இருக்கிறது என்று தெரிகிறது என்றாள். பிறகு, தன் வகுப்பில் ஒருவனுக்கு இந்த ஆரஞ்சும் பச்சையும் ஒன்றாகவே தெரியும் என்றாள். அப்படியானவர்கள் அங்கேயும் இருப்பார்கள் அல்லவா? ஒவ்வொரு பட்டையின் தொடக்கத்திலும் ஒரு வடிவம் வைக்கச் சொன்னாள். ஆரஞ்சுக்கு முக்கோணம், பச்சைக்கு வட்டம், கத்தரிப்பூவுக்குச் சதுரம். அவளே வரைந்தும் கொடுத்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் ஒரு பெட்டி போட்டு, பொறுப்பாக எழுதினேன்: தமிழ் வாசிக்க இயலாத பெற்றோரின் வசதிக்காக இந்த நிறங்கள் பயன்படுத்தப்படுகின்றன.

7

மத்தியானம் திலகா தன் போனைச் சுமதியின் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தாள். நான் கேட்டதால்தான் போனாள். சுமதிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்தில் ஹர்ஷினி, கையில் கட்டோடு. நான் யார் என்று சொன்னேன். நிறத்தை அழித்தது நான், டீச்சர் இல்லை என்று சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"கமக் நே அக்கா," என்றாள் சுமதி. சிங்களத்தில் பரவாயில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம். ஆனால் அவள் முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

கை சுகமாகிவிடும், அது பெரிய விஷயமில்லை என்றாள். பிறகு எது என்று கேட்டேன். அவள் திலகாவைப் பார்த்தாள். அன்றைக்கு அதிபர் எல்லார் முன்னாலும், போட்டிருந்ததே, வாசிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. ஆனால் அதுவரை தனக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது திலகா டீச்சருக்கு மட்டும்தான் தெரியுமாம். கணவரின் வீட்டாருக்குக்கூடத் தெரியாது. மகளின் கொப்பியில் கையெழுத்துப் போடும்போது வாசித்ததுபோல் பாவனை செய்வாள். இப்போது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

"கலர திரும்பப் போட்டுட்டீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. சந்தோசம். ஆனா மேல ஒண்ணு எழுதியிருக்காமே, வாசிக்கத் தெரியாதவங்களுக்குன்னு. அது வேணாங்க அக்கா. கலர்னா எல்லாரும்தான் பாக்குறாங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்களும் அதைத்தான் பாக்குறாங்க."

போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, கணினியில் அந்தப் பெட்டியை அழித்தேன். அழித்துவிட்டேன் என்றேன். ஹர்ஷினி தாயின் காதில் ஏதோ கேட்டாள். அந்த அக்கா எங்கே இருக்கிறார், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்கிறாள் என்றாள் சுமதி. ஜன்னலைத் திறந்து காட்டினேன். வெயில் அடித்தது. பிள்ளைக்கு ஏமாற்றமாக இருந்தது போலிருந்தது.

திலகா தனியாக வந்த பிறகு, நிறத்தட்டின் சாவியையும் உனக்கே தருகிறேன் என்றேன். இனி எந்த நிறத்தைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்பதெல்லாம் அவள் கையில். எப்படிச் செய்வது என்று படிப்படியாகக் காட்டினேன். அவள் ஒரு தரம் செய்து பார்த்தாள்.

"இத மொதல்லயே காட்டியிருந்தா இவ்வளவு பாடு வந்திருக்காது," என்றாள்.

"ஆமா."

"சரி விடு. நீயும் நல்லதுக்குத்தானே செஞ்ச."

நல்லதுக்குத்தான் செய்தேன். அது எனக்கும் தெரியும். அதனால் மனம் லேசாகிவிடவில்லை. இருந்தாலும் அவள் அப்படிச் சொன்னது எனக்கு வேண்டியிருந்தது.

8

அதற்குப் பிறகு இரண்டு முறை மேக்கணக்குப் பாதை மூடியது. இரண்டு முறையும் தளத்தில் ஆரஞ்சு வந்தது. இரண்டாவது தடவை பளீல் நானா படிவத்தில் எழுதினார்: எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள், டெப்புக்கு மழை படாமல் ஒரு பெட்டி அடித்துவிட்டேன். சுமதியைப் பற்றி லயத்தில் பேசுகிறார்களா என்று திலகாவிடம் கேட்டேன். கொஞ்ச நாள் பேசினார்கள், இப்போது வேறு ஆள் கிடைத்துவிட்டது என்றாள். அது ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மீராவுக்கு இதனால் தமிழ் மேல் ஆசை வந்துவிட்டது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். வரவில்லை. ஆனால் அந்த முக்கோணம் இன்னும் இருக்கிறதா என்று எப்போதாவது கேட்கிறாள். இருக்கிறது என்கிறேன்.

போன வாரம் அலுவலகத்தில் இடைவேளையில் பள்ளிக்கூடப் பக்கத்தைத் திறந்தேன். விளையாட்டுப் போட்டி பற்றித் திலகா நீளமாக எழுதியிருந்தாள். தலைப்புப் பட்டை நல்ல ரோஸ் நிறம், அதில் மஞ்சள் எழுத்து. பட்டியலில் நான் வைக்காத நிறம். புதிதாக ஒரு கணக்கு சேர்ந்திருக்கிறதா, யாருக்கு என்ன அறிவித்தல் என்று பயந்து உடனே செய்தி அனுப்பினேன். ரோஸ் எந்தக் கணக்குக்கு?

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் பதிவு வந்தது. பின்னால் பிள்ளைகளின் சத்தம், விசில் சத்தம்.

"எந்தக் கணக்குக்கும் இல்லடி. எனக்குப் புடிச்சிருந்திச்சு, போட்டேன்."

கருவியைப் பிடித்துப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி. கருவியை மூடிவிட்டு, யார் யார் ஓடி முதலாவதாக வந்தார்கள் என்று வாசிக்கத் தொடங்கினேன்.